திரைகளை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்: ஒரு பிரிட்ஜ் சிமுலேட்டர் கட்டிய அனுபவம்

"திரையை எல்லாம் ஆஃப் பண்ணுங்க தம்பி" என்றார் கேப்டன் சார்.

கப்பலை நின்று நடத்தும் அறையான பிரிட்ஜைப் போலவே ஒரு பயிற்சி அறை. மூன்று மாதம் உழைத்துக் கட்டிய அதைக் காட்டத்தான் அவரை அழைத்திருந்தோம். ஐந்து திரைகளிலும் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள கடல், காலை வெயில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள். நான் அதைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அணைக்கச் சொன்னதும் எனக்கு முகம் விழுந்துவிட்டது.

இருட்டில் மிச்சம் இருந்தவை நான்கு முட்கள்தான். சுக்கான் கோணம், திரும்பும் வேகம், நாட் கணக்கில் (மணிக்கு எத்தனை கடல் மைல்) கப்பலின் வேகம், எஞ்சின் சுழற்சி. "13 நாட் போகுதா? சரி" என்றபடி சக்கரத்தை அவரே ஒரேயடியாக ஸ்டார்போர்டு, அதாவது வலப் பக்கம் சுற்றினார். ஒரு நிமிடம் முட்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுக்கான் முள் உடனே 35க்குப் போயிடுச்சு. கப்பலும் உடனே திரும்புது. இவ்வளவு திரும்பியும் வேகம் 13லயே நிக்குது. கார் ஓட்டுற மாதிரி இருக்கு தம்பி."

நாற்பது ஆண்டு கடலிலும் துறைமுக பைலட்டாகவும் இருந்தவர். மூன்று முட்களில் மூன்று தவறு கண்டுபிடித்துவிட்டார். அந்த மூன்றையும் சரிசெய்ய எனக்கு மேலும் நான்கு மாதம் ஆனது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் எதற்காக இதைக் கட்டினோம் என்று சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கடல்சார் பயிற்சிக் கல்லூரியில் நான் மின்னணு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கடலோடிகளின் பயிற்சிக்கான உலக உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூவில் 1995இல் வந்த திருத்தம், ரேடார் பயிற்சியையும், ரேடாரில் தெரியும் கப்பல்களின் போக்கைத் தானாகக் கணிக்கும் ஆர்பா பயிற்சியையும் சிமுலேட்டரில்தான் நடத்த வேண்டும் என்று ஆக்கியது. 2010 மணிலா திருத்தத்தில் மின்னணுக் கடல் வரைபடமான எக்டிஸ் பயிற்சியும் சேர்ந்தது. அதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற பெரிய சிமுலேட்டர் வேண்டும். அதில் ஒரு கேடட்டுக்கு (பயிற்சி மாணவருக்கு)ச் சக்கரத்தின் பின்னால் நிற்கக் கிடைக்கும் நேரமோ மிகக் கொஞ்சம். அங்கே போவதற்கு முன்னால் மாலை நேரங்களில் பிள்ளைகள் வந்து பழகிக்கொள்ள ஒன்று வேண்டும் என்றுதான் தொடங்கினோம். இதை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது, அது எங்கள் நோக்கமும் இல்லை. ஆனால் சான்றிதழ் இல்லாத இடம் என்பதற்காகத் தவறாகக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாதே.

திரைகளின் அளவை முடிவு செய்தது ஒரு விதிதான். கப்பலை நடத்துபவர் நிற்கும் இடத்திலிருந்து 225 டிகிரி தெரிய வேண்டும் என்கிறது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயம், 22ஆம் விதி. நேர் முன்னாலிருந்து இரண்டு பக்கமும், தோளுக்கு நேர்ப் பக்கத்தைத் தாண்டி 22.5 டிகிரி பின்னால் வரை. 225ஐ ஐந்தால் வகுத்தால் 45. ஆகவே ஐந்து டிவிகள், ஒவ்வொன்றும் 45 டிகிரி. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 1.21 மீட்டர். அது சரியாக 45 டிகிரியை அடைக்க வேண்டுமானால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 1.46 மீட்டர் இருக்க வேண்டும். ஆசாரி அண்ணன் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஐந்து நாண்களை வரைந்து, அதன் மேலேயே பிளைவுட் சட்டத்தை நிறுத்திவிட்டார். டிவிகளின் விளிம்புகள் ஜன்னல்களுக்கு நடுவே உள்ள தூண்கள் போல அமைந்துவிட்டன. உண்மையான பிரிட்ஜிலும் அங்கே தூண்தான் இருக்கும் என்பதால் அதை மறைக்க முயலவில்லை.

படத்துக்கு பிரிட்ஜ் கமாண்ட் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. ஒரு கணினி முதன்மையாகவும் மற்றவை அதைப் பின்பற்றியும் வெவ்வேறு கோணங்களைக் காட்டும் வசதி அதிலேயே உண்டு. முதலில் வைஃபையில் இணைத்துப் பார்த்தேன். கப்பல் திரும்பும்போது ஒரு திரையின் அடிவானம் அடுத்த திரையைவிடக் கொஞ்சம் பின்தங்கி, கடல் உடைந்தது போலத் தெரிந்தது. கேபிள் போட்டு ஒரே சுவிட்சில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இதில் இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. வைஃபை வேண்டாம், அவ்வளவுதான்.

சக்கரமும், எஞ்சினுக்கு வேக உத்தரவு கொடுக்கும் டெலிகிராஃப் கைப்பிடியும் குஜராத்தின் அலங்கிலிருந்து வந்தவை. உடைக்கப்படும் கப்பல்களின் சாமான்கள் அங்கே சாலையோரக் கடைகளில் கிடைக்கும். கைப்பிடியின் பித்தளை, எத்தனையோ பேர் கைபட்டு ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகியிருந்தது. அதை மெருகேற்றக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். சக்கரத்தின் தண்டில் முதலில் திருப்பத்தை மின்தடையால் அளக்கும் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் வைத்தேன். சக்கரத்தை யாரும் தொடாதபோதே சுக்கான் அரை டிகிரி இங்கும் அங்கும் ஆடியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏஎஸ்5600 என்ற காந்த உணரி வாங்கி மாற்றினேன். தண்டின் முனையில் ஒரு குட்டிக் காந்தம், அதற்கு எதிரே தொடாமல் நிற்கும் சில்லு. ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரித்துச் சொல்லும். தேய்மானம் கிடையாது, ஆட்டமும் நின்றது. முட்களுக்கு கார் டாஷ்போர்டில் இருக்கும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார்களைப் போட்டோம்.

கேப்டன் சார் அணைக்கச் சொன்ன நாளில் எங்களிடம் இருந்தது இவ்வளவுதான்.

முதல் தவறு எளிது. சக்கரம் திரும்பியதும் சுக்கான் திரும்பாது. சுக்கானைத் திருப்பும் ஸ்டியரிங் கியரின் ஹைட்ராலிக் மெதுவாகத்தான் தள்ளும். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் போக வேண்டும் என்பது சோலாஸ் கேட்கும் குறைந்தபட்சம். அதாவது விநாடிக்கு சுமார் 2.3 டிகிரி. நடுவிலிருந்து ஒரு கோடிக்குப் போகவே 15 விநாடி. நிரலில் நான்கு வரி சேர்த்ததும் முள் நிதானமாக நகரத் தொடங்கியது.

இரண்டாவது தவறுக்கு முழுக்க நான்தான் காரணம். கப்பல் திரும்புவதற்கு 1957இல் ஜப்பானின் கென்சாகு நொமோட்டோ கொடுத்த எளிய சமன்பாட்டைப் பயன்படுத்தியிருந்தேன். அதில் இரண்டே எண்கள். கே என்பது சுக்கானுக்குக் கப்பல் எவ்வளவு பணியும் என்பது. டி என்பது பணிவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது. 180 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பலுக்கு அந்த டி ஐம்பது விநாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் போட்டிருந்தது 8. ஏன் 8? நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது ஐம்பது சரியில்லாதது போலத் தோன்றியது. சக்கரத்தைத் திருப்புகிறேன், ஒன்றும் நடக்கவில்லை, நிரலில் பிழை என்று நினைத்தேன். 40 ஆக்கினேன், 20 ஆக்கினேன், 8இல் வந்ததும் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெரிய கப்பல் ஒன்றில் ஒரு நாள்கூட நிற்காத என் பொறுமையின்மையை அளவுகோலாக வைத்துக் கப்பலைச் செய்திருக்கிறேன். பிள்ளைகளும் அந்த எட்டைத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் சார் தன்னிடம் இருந்த ஒரு பழைய மனூவரிங் புக்லெட்டின் நகலைக் கொண்டுவந்தார். கப்பல் புதிதாக இருந்தபோது கடலில் ஓட்டிப் பார்த்து எழுதிய அளவுகள். அதில் 10/10 ஜிக்ஜாக் சோதனை இருந்தது. 10 டிகிரி சுக்கான் கொடு, கப்பல் 10 டிகிரி திரும்பியதும் எதிர்ப்பக்கம் 10 கொடு, அதற்கப்புறமும் கப்பல் தன் போக்கில் எவ்வளவு திரும்பிவிட்டு நிற்கிறது என்று பார். ஐநாவின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2002ஆம் ஆண்டுத் தீர்மானம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. 180 மீட்டர், 13 நாட் கப்பலுக்குக் கணக்கிட்டால் சுமார் 18.5 டிகிரி வரை போகலாம். புக்லெட்டில் இருந்தது 11. எங்கள் கப்பலில் 3.

மூன்றாவது தவறு டியை மாற்றினால் தீராது. நொமோட்டோ சமன்பாடு தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உண்மையில் சுக்கானை ஸ்டார்போர்டுக்குக் கொடுத்தால் முதலில் பின்பக்கம் போர்ட்டுக்கு, அதாவது இடப் பக்கம் ஒதுங்கும். அப்புறம் கப்பல் தன் உடம்பைச் சாய்வாக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளியபடியே வட்டமடிக்கும். அந்தத் தள்ளலில்தான் வேகம் குறைகிறது. இதைப் பிடிக்க எம்எம்ஜி என்ற முறைக்குப் போனேன். 1970களில் ஜப்பானிய ஆய்வாளர் குழு ஒன்று உருவாக்கியது. உடல், புரொப்பல்லர், சுக்கான் மூன்றும் தரும் விசைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கும்.

அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு எண். கப்பல் நகரும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீரின் கனத்தைக் கப்பலின் கனத்தோடு சேர்க்க வேண்டும். முன்னால் போகும்போது அது கப்பலின் எடையில் ஏழெட்டு சதவீதம்தான். பக்கவாட்டில் நகர்ந்தால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. கேவிஎல்சிசி2 என்ற எண்ணெய்க் கப்பலுக்கு வெளியிட்டிருக்கும் கணக்கு இது. நீளம் 320 மீட்டர், அகலம் 58 மீட்டர், ஆனால் அப்படி ஒரு கப்பல் கடலில் மிதந்ததே இல்லை. ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே வடிவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காக வரைந்து, சிறு மாதிரிகளாக மட்டுமே செய்தது. அதன் எல்லா எண்களும் கிடைக்கின்றன. என் நிரல் அந்தக் கப்பலை, அதற்கு வெளியான திரும்பும் வட்டங்களுக்கு ஒத்துவரும்படி ஓட்டுகிறதா என்று முதலில் பார்த்தேன். இரண்டு வாரம் ஒத்துவரவில்லை. சுக்கான் மேல் வந்து மோதும் நீரின் வேகத்தில், புரொப்பல்லர் தள்ளிவிடும் நீரைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். சேர்த்ததும் வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. அன்று இரவு வீட்டுக்குப் போக மனமில்லை.

பிறகுதான் எங்கள் 180 மீட்டர் கப்பலுக்கு எண்களை மாற்றி, புக்லெட்டோடு ஒப்பிட்டேன். சுக்கானை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும் ஹார்ட் ஓவரில் வேகம் 13இலிருந்து எட்டுக்குக் கீழே வந்தது. ஜிக்ஜாக்கில் 10.5. கேப்டன் சார் மறுபடி வந்து திரைகளை அணைத்தார். இந்த முறை நானே சுவிட்சைத் தட்டினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து விநாடி, பத்து விநாடி. திரும்பும் வேக முள் மெல்ல எழுந்தது. "இப்ப கனம் தெரியுது" என்றார்.

அவர் ஒருமுறை பிரான்சில் கிரனோபிள் அருகே இருக்கும் போர்ட் ரெவலுக்குப் போய்வந்தவர். 1967இல் தொடங்கியது. அங்கே கணினி இல்லை. ஏரியில் 25இல் ஒரு பங்கு அளவுள்ள கப்பல்கள், அவற்றுக்குள் கேப்டன்களே உட்கார்ந்து ஓட்டுவார்கள். அளவு 25இல் ஒன்றானால் நேரம் ஐந்து மடங்கு வேகமாக ஓடும், 25இன் வர்க்கமூலம் அது. "ஐந்து மடங்கு வேகத்திலயும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு தம்பி" என்று சொன்னார். எங்கள் அறையில் நேரம் சுருங்குவதில்லை. முழுக் காத்திருப்பும் உண்டு.

எஞ்சினிலும் அதே பாடம்தான். டெலிகிராஃபை ஃபுல் அஹெட்டிலிருந்து (முழு முன்னோக்கு) ஃபுல் அஸ்டர்னுக்கு (முழுப் பின்னோக்கு) இழுத்ததும் முன்பு புரொப்பல்லர் உடனே எதிர்த்திசையில் சுழன்றது. இந்த வகைக் கப்பலில் எஞ்சினும் புரொப்பல்லரும் நேராக இணைந்தவை, கியர் கிடையாது. எரிபொருளை நிறுத்தினாலும் ஓடும் கப்பலின் தண்ணீர் புரொப்பல்லரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தணிந்த பிறகுதான் அழுத்தக் காற்றை விட்டு எஞ்சினை எதிர்த்திசையில் தொடங்க முடியும். அந்தக் காற்றும் அளவானது. மீண்டும் நிரப்பாமல் 12 முறை தொடங்கும் அளவுக்குச் சேமிப்பு வேண்டும் என்பது கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி. எங்கள் சிமுலேட்டரிலும் 12 வைத்தேன். பதற்றத்தில் டெலிகிராஃபை முன்னும் பின்னும் ஆட்டுகிற பிள்ளைக்கு, பதின்மூன்றாவது முறை எஞ்சின் வராது. காற்றை அழுத்தும் கம்ப்ரசர் மெல்ல நிரப்பும் வரை கப்பல் மிதந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அதிர்வு. எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், ஆனால் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிடத்துக்கு 90 சுற்று, புரொப்பல்லருக்கு நான்கு இதழ் என்றால் விநாடிக்கு 6 துடிப்பு. அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் கடையில் கிடைக்கும் பாஸ் ஷேக்கர்கள் சரியாகத் தருவதில்லை. தரைப்பலகைக்கு அடியில் ஒரு மோட்டாரைப் பூட்டி, தண்டில் ஒருபக்கமாக எடை வைத்து, நிமிடத்துக்கு 360 சுற்று ஓட விட்டோம். எஞ்சின் சுழற்சியோடு அதுவும் கூடும், குறையும். அஸ்டர்னில் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக. இதில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை. எஞ்சின் நின்றுபோனால் பிள்ளைகள் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே தலையை நிமிர்த்துகிறார்கள்.

தீர்க்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். திரை 1.46 மீட்டரில் இருக்கிறது. ஒருவர் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் விலகி நின்றால், திரையில் தெரியும் மிதவையின் திசை அவருக்கு 11 டிகிரிக்கு மேல் மாறிவிடும். உண்மைக் கடலில் மைல் கணக்கில் தள்ளியிருக்கும் மிதவைக்கு 30 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பெரிய சிமுலேட்டர்கள் திரையை வெகு தூரத்தில் வளைத்து வைப்பது இதற்காகத்தான். எங்கள் அறைக்கு அது முடியாது. ஆகவே பேரிங் எடுப்பதை, அதாவது ஒரு பொருள் இருக்கும் திசையை அளப்பதை, பெரிய திரையிலிருந்து பிரித்தேன். ஒரு சிறு திரையில், திசை அளக்கும் கருவியான பெலோரஸ் போல நடுக்கோடும், பைனாகுலர் அளவுக்கு 7 மடங்கு பெருக்கமும். பிள்ளைகள் ஆரம்பத்தில் முனகினார்கள். ஆனால் எதிரே வரும் கப்பலின் பேரிங் மாறாமல் நின்றால் மோதல் ஆபத்து என்று கற்றுக்கொடுக்கும் இடத்தில், தலையை அசைத்தாலே மாறும் பேரிங்கைக் கொடுப்பது பெரும் குற்றம்.

இரவுக்காட்சியிலும் வேலை இருந்தது. ஹெச்டி படத்தில் ஒரு புள்ளி சுமார் 1.4 கலை அகலம் (ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை). 6 கடல் மைலில் பக்கவாட்டாகப் போகும் 180 மீட்டர் கப்பல் 40 புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். இரண்டு மாஸ்ட் விளக்குகளும் பிரிந்து தெரிய அது போதும். டிவியின் கறுப்புதான் பிரச்சினை, அது கறுப்பாகவே இல்லை, சாம்பல். பின்விளக்கைக் கடைசி வரை குறைத்து, ஜன்னல் தடுப்பில் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளை ஒட்டினோம். மெரினா கலங்கரை விளக்கத்தை வைத்துச் சோதித்தேன். 10 விநாடிக்கு இரண்டு மின்னல், விளக்கின் உயரம் 57 மீட்டர். 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் கண்ணுக்குக் கணக்குப்படி 25 கடல் மைலில் அடிவானத்துக்குக் கீழே போக வேண்டும். கிழக்கே விலகி ஓட்டிப் பார்த்தோம், அங்கேயே மறைந்தது.

மாற்றிய கப்பலில் பிள்ளைகளின் முதல் வாரம் கடினமாக இருந்தது. திருப்பத்தில் 20 டிகிரி கொடுப்பார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று 35க்குப் போவார்கள். கப்பல் ஒருவழியாகச் சுழலத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல் பாதையைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் முழுச் சுக்கான். பழைய கப்பலில் நன்றாக ஓட்டியவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். அதைப் பார்க்க எனக்கு வலித்தது, அந்தக் கையைப் பழக்கியது நான் கொடுத்த எட்டு.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்காவது நாள் வேறு மாதிரி செய்தாள். திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே 10 டிகிரி மட்டும் சொன்னாள். பிறகு திரையைப் பார்க்காமல் திரும்பும் வேக முள்ளைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். கப்பலின் தலை புதிய திசைக்கு வர இன்னும் 12 டிகிரி இருக்கும்போதே, சுக்கானை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லி "மிட்ஷிப்ஸ்", உடனே "மீட் ஹர்". சக்கரத்தில் இருந்த பையன் எதிர்ச்சுக்கான் கொடுத்தான். சுழற்சி தணிந்து, நினைத்த திசையிலிருந்து ஒரு டிகிரிக்குள் நின்றது. "ஸ்டெடி" என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு ஓட்டத்தையும் நிமிடத்துக்கு ஒரு கப்பல் உருவமாக ஏ3 தாளில் அச்சிட்டுத் தருகிறோம். அவளுடைய தாளை மற்றப் பிள்ளைகள் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஆழமற்ற நீரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வேகம் கூடினால் கப்பல் கீழே அமுங்கும் ஸ்குவாட்டுக்கு ஆய்வாளர் பாரஸ் தந்த எளிய விதி போதுமானதாக இருக்கிறது. பருமனான எங்கள் கப்பலுக்குத் திறந்த நீரில் 10 நாட்டில் சுமார் 0.8 மீட்டர், குறுகிய கால்வாயில் அதைப்போல் இரண்டு மடங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் கால் பங்காகிவிடும். கரையோர நீரோட்டமும் பாக்கி. சோழமண்டலக் கரையில் மார்ச், ஏப்ரலில் வடக்கே இழுக்கும், அக்டோபருக்குப் பின் தெற்கே திரும்பும். மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டமும் மாற வேண்டும். பெரிய கப்பல்களை இழுக்கும் படகுகளான டக்குகளின் இழுவையைத் தொடவே இல்லை.

கேப்டன் சார் போன வாரம் வந்தபோது, பிரிட்ஜின் பக்கவாட்டு மேடையான பிரிட்ஜ் விங் கேட்டார். கரையணையும்போது பக்கவாட்டில் எட்டி நின்று கீழே பார்க்காமல் எப்படி என்கிறார். ஸ்டார்போர்டு பக்கச் சுவரை ஒரு மீட்டர் தள்ள வேண்டியிருக்கும். ஆசாரி அண்ணன் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.